மூன்றாம் நம்பர் ரீடு

கிளாரினெட் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாசிப்பு நன்றாக அமைந்தால் அது அவர்கள் சாமர்த்தியம். கெட்டுப்போனால் ரீடு சரியில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம் இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ரீடு ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு நாணல் பட்டை. ஒரு முனை தடிப்பாக இருக்கும், மறுமுனை வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துகொண்டே போய் முடியும். அதை வாயில் வைத்து ஊறவிட்டு, குழலின் முகப்பில் பொருத்தி, வளையத்தை இறுக்கி ஊத வேண்டும். அந்த மெலிசான நுனி அதிர்ந்தால்தான் சத்தம் வரும். ரீடின் முதுகில் நம்பர் அச்சடித்திருப்பார்கள். நம்பர் ஏற ஏற விறைப்பும் ஏறும். விறைப்பான ரீடை அதிரவைக்க உதட்டில் பலம் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பெஞ்சமின், கோபால் மாஸ்டர் நடத்துகிற பேண்டு செட்டில் முதல் கிளாரினெட். அவர் வைப்பது மூன்றாம் நம்பர். ரெண்டாம் நம்பரைப் பற்றிப் பேசினால் மூஞ்சியைச் சுளிப்பார்.

“அது இஸ்கூலு புள்ளைங்க வெக்கிறது,” என்பார்.

அவர் எனக்கு மாமா பையன். மாமா என்று கூப்பிட்டே பழக்கம். நான் நடவு, களை, நூறு நாள் வேலை என்று வருகிற வேலைக்குப் போகிறவள். சங்கீதத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. வாசித்துவிட்டு வந்து ரீடைத் திட்டுகிற நாட்களில், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று மட்டும் சொல்வேன். அவரும் சிரிப்பார். கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாங்கிரியை எடுத்துக் கொடுப்பார்.

போன வருஷம் சித்திரையில் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் இறங்கியிருந்தது. இடது கண் மூடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கண்ணாடி முன்னால் நின்று செய்யப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். இவர் இரண்டு நாள் செய்துவிட்டு, குரங்குச் சேட்டை என்று விட்டுவிட்டார்.

மூன்று மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழலை எடுத்தால் காற்று முழுக்க இடது கடைவாயில் போய்விடும். புஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

“வாயி போனப்புறம் நான் இன்னாத்துக்கு சுந்தரி கீறேன்?”

எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். எங்கள் பெரியப்பா ஒருத்தர் கதிர் அடிக்கிற மிஷினில் கை போன பிறகு இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் போய்ச் சேர்ந்தார். அதனால் மாமா ராத்திரி வெளிக்குப் போனால்கூட நான் எழுந்து வாசலில் நிற்பேன். களை பிடுங்கும்போதும் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே பிடுங்குவேன். எப்படியாவது இந்த மனுஷன் கையில் குழல் இருக்க வேண்டும், அதிலிருந்து சத்தம் வர வேண்டும், அது நடந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆடி மாதத்தில் அவரே என்னைக் கூப்பிட்டார். இடது கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்ததால் ரீடின் நுனி அவருக்குத் தெரியவில்லை.

“உப்புத்தாள கண்ணாடி மேல பரப்பிக்கோ. ரீட படுக்க வெச்சி நுனிய ரெண்டே இழுப்பு இழு. விறைப்பு கொஞ்சம் கொறையும். மூணாவது இழுத்தியோ ரீடு போச்சி.”

இழுத்தேன். ஊதினார். புஸ். ரீடைக் கழற்றி என் பக்கம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது அதே ரீடை எடுத்து இன்னும் எட்டு இழுப்பு இழுத்தேன். நாற்றங்கால் சேற்றில் கிடக்கிற கை இது, இருந்தாலும் பதமாகத்தான் இழுத்தேன். விரல் வைத்தால் நுனி மடங்குகிற அளவுக்கு மெலிந்தது. அன்று சாயங்காலம் ஊதினார். சன்னமாக, கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வந்தது, அதுதான் முக்கியம். அவர் ரீடைக் கழற்றிக் கண்ணுக்கு நேராக வைத்து முதுகைப் பார்த்தார். நம்பர் மூன்று என்று அப்படியே இருந்தது. நான் தேய்த்தது முன்பக்கம்.

“மூணுலயே வருது சுந்தரி,” என்றார். வலது பக்க முகம் மட்டும் சிரித்தது.

அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிப்போனது. மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றி வைப்பது அவர் வழக்கம். எதை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்று டப்பாவிலிருந்த பத்தையும் தேய்த்து வைத்தேன். பிரிக்காத புது ரீடுகளையும் விடவில்லை. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழலையே தொட்டிருக்க மாட்டார். ஆவணிக்குப் பிறகு கோபால் மாஸ்டர் அவரை இரண்டாம் வரிசையில் நிறுத்தி வாசிக்கக் கூப்பிட்டார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். சாப்பிட்டார், தூங்கினார். நானும் ராத்திரியில் எழுந்து வாசலில் நிற்பதை விட்டேன்.

கார்த்திகையிலிருந்து வாசிப்பு கெட ஆரம்பித்தது. சத்தம் பாதியில் அடைத்துக்கொள்ளும். மேலே போனால் கீச்சென்று கிழியும். வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார், கீச்சும், நிறுத்துவார். முன்பென்றால் ரீடை நாலு திட்டுத் திட்டியிருப்பார். இப்போது திட்டவில்லை. வாயைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எறங்கிக்கினே போவுது. ரீடு அதே மூணுதான். வாயிதான் செத்துக்கினு வருது.”

செத்துக்கொண்டு வருகிறதா, அப்படியென்றால் இன்னும் மெலிசாக வேண்டும் என்று நான் இன்னும் தேய்த்தேன். கிறிஸ்துமஸ் பவனியில் சர்ச் வாசலிலேயே குழல் கீச்சியது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கோபால் மாஸ்டர் டிரம்பெட்டைச் சத்தமாக ஊதி மூடி மறைத்தார். இவர் வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்தார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பத்து ரீடுக்கும் ஆளுக்கு நாலு இழுப்பு கொடுத்தேன். ஏதோ நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நாட்களில் எனக்கு எந்த நினைப்பும் பெரிதாக இல்லை. கை பாட்டுக்குத் தேய்த்தது.

மாசியில் ஒரு நாள், யாரோ ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்.

“ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி மானாம்பதிக்குப் போயி குழல மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன். அவுரு மருமவன் வாசிக்கட்டும். சும்மா பொட்டிக்குள்ள கெடந்து இன்னா ஆவப்போவுது.”

சரி என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை உத்திரமேரூரில் ரேஷன் கார்டு வேலையாக இரண்டு பேரும் கிளம்பினோம். ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் கையை ஆட்டினேன். அவர் உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தார். நீளமான, கூர்மையான விசில். தூரத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்து மணியடித்தார். பஸ் நின்றது. இவர் ஓடிப்போய் ஏறி, எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கடைவாயில் காற்று ஒழுகுகிறவனால் விசில் அடிக்க முடியுமா? திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம்தான், அதனாலேயே பார்க்காமல் இருந்திருக்கிறேன். இடது கண் ஒழுங்காக மூடித் திறந்தது. கண்டக்டரிடம் சில்லறை கேட்டுப் பேசும்போது வாய் இரண்டு பக்கமும் சமமாக அசைந்தது. இவருக்கு எப்போதோ சரியாகியிருக்கிறது. அது இவருக்கே தெரியவில்லை. குழல்தான் இவருக்குக் கண்ணாடி. குழல் கோணலாகக் காட்டியது, நம்பிவிட்டார். கூடம் இந்த முறை நிஜமாகவே கோணல். கோணலாக்கியவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. உத்திரமேரூர் வந்ததும் இறங்கி, வரிசையில் நின்று, அவர்கள் காட்டிய இடத்தில் விரல் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு ரீடை முந்தானையில் முடிந்துகொண்டு, துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் போனேன். பேண்டு சாமான் விற்கிற இனாயத்துல்லா பாய் கடை அங்கேதான் இருக்கிறது. பாய்க்கு எங்கள் வீட்டுக்காரரை நன்றாகத் தெரியும், முகவாதம் வந்ததும் தெரியும். என் ரீடை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் அப்படியே ஊடுருவி வந்தது.

“யாருமா இத தேய்ச்சது?”

“அவுருதான்,” என்றேன்.

“பெஞ்சமினா? நம்ப முடியலியே. நல்ல வாயி இத கடிச்சா ரீடு அப்பிடியே முகப்புல போயி ஒட்டிக்கும். சத்தம் அடைக்கும். மேல போனா கீச்சும். ஒதடு செத்தவன் மெதுவா வெச்சா வேணா எதாச்சும் வரும்.” என் முகத்தைப் பார்த்தார். “வாயி எப்பிடி கீது இப்ப அவருக்கு?”

“நல்லா கீது.”

“அப்பிடித்தான். எங்க மச்சானுக்கும் வந்துது. மூணு நாலு மாசத்துல வந்த எடம் தெரியாம போயிடுச்சி. அந்த நேரத்துல ரெண்டாம் நம்பரு வாங்கினு போயிருந்தா போதுமே தங்கச்சி. இத்தினி பேஜாரு எதுக்கு?”

மூன்றாம் நம்பரில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். புதுசு என்று தெரிந்தால் எங்கே வாங்கினாய், எதற்கு வாங்கினாய் என்று கேள்வி வரும். அதற்குப் பிறகு எல்லாம் வரும். டீத்தூளைக் கொதிக்கவைத்து, அதில் ரீடின் நுனியை முக்கி, பழைய ரீடுகளின் எச்சில் நிறம் வரும்வரை விட்டேன். துணியில் ஒற்றி, அவர் வழக்கமாக முதலில் எடுக்கிறதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதை வைத்தேன். ஏழெட்டு மாதமாகச் சத்தமில்லாமல் கெடுத்ததைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று கணக்கு.

சாயங்காலம் அவர் பெட்டியைத் திறந்தார். நாளைக்குக் கொடுக்கப்போகிற குழலைத் துடைத்தார். துடைத்தவர் சும்மா வைக்க மனமில்லாமல் ரீடை வாயில் போட்டு ஊறவைத்துப் பொருத்தி ஊதினார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் வீடு முழுக்க வந்து நின்றது. எதிர் வீட்டில் டிவியை அணைத்தார்கள். அவர் நிறுத்திவிட்டார். மறுபடி ஊதினார், கீழிருந்து மேலே போனார், மேலேயே நின்றார், அங்கிருந்து இறங்கி வந்தார். ஒரு இடத்திலும் கீச்சவில்லை. ரீடைக் கழற்றி முதுகைப் பார்த்தார். மூன்று. பிறகு அப்படியே முழங்கால் போட்டார்.

“ஆண்டவரே,” என்றார். “ஆண்டவரே, ஆண்டவரே.” சட்டை முன்பக்கம் நனைகிற அளவுக்கு அழுதார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அரிசியை உலையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தார். குழலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த வாயைக் கர்த்தர் நேற்று ஒரே சாயங்காலத்தில் திறந்தார் என்று சொல்லி, ஒரு பாட்டை வாசித்துக் காட்டினார். கிறிஸ்துமஸுக்குச் சிரித்த பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். பெரியவர்கள் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். பாராட்டெல்லாம் கர்த்தருக்குப் போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

“இதுல எங்க வூட்டுக்காரிக்கிதான் பாதி பங்கு,” என்றார். “எனக்குக் கண்ணு தெரியாதப்ப ஒவ்வொரு ரீடும் இவ கையாலதான் தேய்ச்சிக் குடுத்தா. ஜெபம் பண்ணிக்கினே தேய்ச்சிருப்பா. அவ ஜெபந்தான் என்ன எழுப்பிச்சி.”

எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி மைக்கைக் கொடுத்தனுப்பினார். நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர் என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. நடிக்கவும் வராது. மைக்கை வாங்கினேன், சொன்னேன்.

“அவுருக்கு வாயி எப்பவோ சரியாயிடுச்சி. கர்த்தரு எப்பவோ குடுத்துட்டாரு. நான்தான் தெரியாம ரீட தேய்ச்சி தேய்ச்சி அவுர வாசிக்க முடியாம பண்ணிக்கினு இருந்தேன். நேத்து காஞ்சீவரத்துல புதுசு ஒண்ணு வாங்கியாந்து டீத்தண்ணில முக்கி வெச்சேன். ஜெபம்லாம் பண்ணல.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்றார்கள். பாஸ்டர் மைக்கை வாங்கி அடுத்த பாட்டை ஆரம்பித்தார். புரிந்த ஒரே ஆள் குழலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வாயில் வைத்து அந்தப் பாட்டை வாசித்தார். அடுத்த பாட்டையும் கடைசிப் பாட்டையும் வாசித்தார். ஒரு தரம்கூட என் பக்கம் திரும்பவில்லை. வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் வந்தேன். மானாம்பதிக்குப் போகவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் டப்பாவை எடுத்துக் கட்டில் மேல் கவிழ்த்தார். ஒவ்வொரு ரீடாக எடுத்து நுனியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். தொட்டதுமே மடங்கியது. திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

“எப்பலர்ந்து?”

“ஆடிலர்ந்து மாமா. நீ எதாச்சும் பண்ணிக்குவியோன்னு பயம். சத்தம் வந்தா இருப்பன்னு நெனச்சேன்.”

தலையை ஆட்டினார். எனக்கு இந்தக் காரணத்தை வெளியே சொல்லும் நாள் வரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. சொன்ன பிறகும் பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

“எனக்கு எப்ப சரியாச்சி?”

“தெரியல மாமா. நானும் பாக்கல.”

பிறகு ரீடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

“கிறிஸ்மஸ் முடிஞ்சி நாலா நாளு ஏரிக்கிப் போனேன். வழுக்கி வுட்டுடுச்சின்னு உன்கிட்ட சொன்னேன்.”

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. லுங்கியும் சட்டையும் கழுத்து வரைக்கும் நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்தார். மனுஷன் ஏரிக்கரையில் பார்த்து நடக்கக்கூடாதா என்று கத்திக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

“வழுக்கல,” என்றார். “தண்ணி இதுவரைக்கும் வந்துது. அங்கயே நின்னுக்கினு இருந்தேன். அப்பறம் ஏனோ திரும்பி வந்துட்டேன்.” கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினார். என்னைப் பார்த்தது அப்போதுதான். “அன்னிக்கி எனக்கு வாயி நல்லாதான் இருந்திருக்கும், இல்ல?”

“ஆமா மாமா,” என்றேன். “நல்லாதான் இருந்திருக்கும்.”